அச்சு நாளிதழ் குறையும்போது செய்தி சேகரிக்கும் செலவை யார் ஏற்பது?

அச்சில் வரும் நாளிதழ்கள் தமிழ்நாட்டில் உண்மையிலேயே குறைந்து வருகின்றனவா, எல்லாச் செய்தியும் கைப்பேசியிலேயே கிடைத்துவிடும் காலத்தில் அவை குறைந்தால்தான் என்ன நட்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். குறைந்து வருகின்றன என்பதே முதல் கேள்விக்கான பதில்; ஆனால் அமெரிக்காவில் நடந்த வேகத்தில் இங்கே நடக்கவில்லை. இரண்டாவது கேள்விக்குச் சற்று விரிவாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. காகிதம் போவதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. அந்தக் காகிதம் ஈட்டித் தந்த விளம்பர வருமானத்தில்தான் ஒவ்வொரு தாலுகா ஊரிலும் ஒரு நிருபர் இருந்தார். காகிதத்தோடு சேர்ந்து அவரும் போய்க்கொண்டிருக்கிறார். அவருடைய இடத்தை இணையம் இன்னும் நிரப்பவில்லை. செய்திப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில், இந்த ஒன்றை விளக்கவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பற்றி. எவ்வளவு குறைந்திருக்கிறது என்று யாராவது ஒரே எண்ணில் சொன்னால் அதை உடனே ஏற்றுக்கொள்ள வேண்டாம். இந்தியாவில் இதற்கு இரண்டு அளவுகோல்கள் இருந்தன. 1948இல் தொடங்கிய ஏ.பி.சி. என்னும் விற்பனைத் தணிக்கை அமைப்பு, விற்ற பிரதிகளை எண்ணுகிறது. இந்திய வாசகர் கணக்கெடுப்பு எனப்படும் ஐ.ஆர்.எஸ்., எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதை வீடுவீடாகக் கேட்டு மதிப்பிட்டது. அது 2019ஆம் ஆண்டின் கடைசிக் காலாண்டு அறிக்கைக்குப் பிறகு பல ஆண்டுகளாக வெளிவரவில்லை. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலான தூரம் மிகப் பெரியது. 2017ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தினத்தந்திக்கு 2 கோடிக்கும் அதிகமான வாசகர்கள் இருந்தார்கள்; விற்ற பிரதிகளோ அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. டீக்கடை, முடிதிருத்தும் கடை, ஊர்ப்புற நூலகம், கட்சிப் படிப்பகம் என ஒரு பிரதி பல கைகள் மாறியதால் வந்த வேறுபாடு இது. ஆகவே ஒரு டீக்கடைக்காரர் பேப்பரை நிறுத்திவிட்டால் விற்பனைக் கணக்கில் ஒன்று குறையும், வாசகர் கணக்கில் இருபது குறையும். அவர் நிறுத்தாமல் தொடர்ந்து வாங்கி, கடைக்கு வருபவர்கள் எல்லோரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால், வாசகர்கள் போய்விட்ட செய்தி விற்பனைக் கணக்கில் தெரியவே தெரியாது. இன்று பெரும்பாலும் நடப்பது இந்த இரண்டாவது வகை. அதனால்தான் நாளிதழ் நிறுவனங்கள் வெளியில் காட்டும் எண்கள் ஓரளவு நிலையாகத் தெரிய, விளம்பரதாரர்கள் மட்டும் தயங்குகிறார்கள்.

ஏன் இப்படி ஆனது என்பதைப் புரிந்துகொள்ள, நாளிதழுக்கு எங்கிருந்து பணம் வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். வாசகர் கொடுக்கும் விலை, பெரும்பாலான நாளிதழ்களில், அந்தப் பிரதியை அச்சிடும் செலவுக்கே போதாது. அந்த விலையிலும் ஏஜென்ட் கமிஷன், வண்டி வாடகை ஆகியவை கழிந்த பிறகே மீதி நிறுவனத்துக்கு வரும். இடைவெளியை நிரப்பியது விளம்பரம். விளம்பரதாரர் பணம் கொடுத்தது சட்டமன்றச் செய்திக்காகவோ தலையங்கத்துக்காகவோ அல்ல. அன்றாடத் தேவைக்காக அந்தத் தாளைக் கட்டாயம் புரட்ட வேண்டியிருந்த லட்சக்கணக்கான கண்களுக்காக. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வரும் நாளில், பதிவு எண்கள் வரிசையாக அச்சாகியிருக்கும் மாலைப் பத்திரிகைக்காகப் பேருந்து நிலையங்களில் கூட்டம் முண்டியடித்ததை நாற்பது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். லாட்டரி முடிவுக்காகவே பேப்பர் வாங்கியவர்கள் ஏராளம். 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்தபோது அந்த விற்பனை போயிற்று. இணையம் இன்னும் பரவாத காலத்திலேயே நடந்த அது, வாசகரைப் பேப்பரோடு கட்டிவைத்தது எது என்பதைக் காட்டிய முதல் எச்சரிக்கை என்று நான் கருதுகிறேன்.

அதன் பிறகு ஒவ்வொரு தேவையும் தனித்தனியாகக் கழன்று போனது. வேலை தேடுபவர்கள் 1997இல் தொடங்கிய நௌக்ரி போன்ற தளங்களுக்குப் போனார்கள். ஆங்கில நாளிதழ்களின் கனமான வேலைவாய்ப்பு இணைப்புகள் மெலிந்தன. சென்னையிலிருந்தே வளர்ந்த பாரத்மேட்ரிமோனி, ஞாயிற்றுக்கிழமை மணமகன், மணமகள் தேவைப் பக்கங்களைத் தன் பக்கம் இழுத்தது. தேர்வு முடிவுகள் குறுஞ்செய்தியில் வந்தன. எந்தத் திரையரங்கில் என்ன படம் என்ற பட்டியல், தங்கம் விலை, ரயில் நேரம், கிரிக்கெட் ஸ்கோர், வாடகை வீடு என அனைத்துக்கும் தனித்தனிச் செயலிகள் வந்துவிட்டன. இவற்றில் ஒன்றுகூட இதழியலோடு தொடர்புடையது அல்ல. ஆனால் இவை எல்லாம் சேர்ந்துதான் இதழியலுக்குப் பணம் கட்டின. வாசகர்கள் செய்தியின் மீது நம்பிக்கை இழந்ததால் நாளிதழ்கள் சரிந்தன என்று சொல்பவர்கள் இந்த வரிசையைக் கவனிப்பதில்லை.

இதே கதை முழு வேகத்தில் நடந்து முடிந்த நாடு அமெரிக்கா. அங்கே வரிவிளம்பரங்கள் நாளிதழ்களின் மிகக் கொழுத்த வருமானமாக இருந்தன. 1995இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு மின்னஞ்சல் பட்டியலாகத் தொடங்கிய கிரெய்க்ஸ்லிஸ்ட், அவற்றைப் பெரும்பாலும் இலவசமாக்கிவிட்டது. 2005இல் 49 பில்லியன் டாலராக இருந்த அந்நாட்டு நாளிதழ் விளம்பர வருமானம் 2022இல் 10 பில்லியனுக்கும் கீழே போயிற்று. டென்வரின் ராக்கி மௌன்டன் நியூஸ் தன் 150ஆம் ஆண்டு நிறைவுக்குச் சில வாரங்களே இருந்தபோது, 2009 பிப்ரவரியில் மூடப்பட்டது. 2005க்குப் பிறகு அங்கே 3,000க்கும் மேற்பட்ட செய்தித்தாள்கள், பெரும்பாலும் சிற்றூர் வார இதழ்கள், நின்றுபோயின. செய்தித்தாள் இல்லாமற்போன ஊர்களில் உள்ளாட்சி அமைப்புகள் கடன் வாங்கும்போது கொடுக்கும் வட்டி உயர்ந்ததாகப் பொருளாதார ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். கண்காணிக்க ஆள் இல்லாத நிர்வாகத்துக்குக் கடன் கொடுப்பவர் கூடுதல் வட்டி கேட்கிறார். ஒரு நிருபர் இல்லாமற்போவதன் விலை இப்படி எண்ணாகவே வெளிப்படுவது அரிது.

தமிழ்நாட்டில் வீழ்ச்சி மெதுவாக நடப்பதற்குக் காரணங்கள் உண்டு. விடியற்காலையில் வீட்டு வாசலில் பேப்பர் போட ஆகும் செலவு இங்கே மிகக் குறைவு. மாதச் சந்தாவில் ஒரு பகுதி பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுத் திரும்பக் கிடைத்துவிடுகிறது. எழுத்தறிவு ஐம்பது ஆண்டுகளாக உயர்ந்துகொண்டே வந்ததால், மேற்கு நாடுகளில் வாசகர் எண்ணிக்கை சரிந்த அதே காலத்தில் இங்கே புதிய வாசகர்கள் வந்துகொண்டிருந்தார்கள். 1942இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தினத்தந்தியைத் தொடங்கி, எளிய சொற்களில், சிறிய வாக்கியங்களில் செய்தி எழுதும் முறையைப் பரப்பினார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவரும் நாளிதழ் வாசகராகலாம் என்ற நிலையை உருவாக்கியது அந்த முறைதான். அந்தத் தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணம் அடியோடு குறைந்த பிறகு பள்ளி முடித்த தலைமுறையில், காலையில் பேப்பரைத் தேடும் பழக்கம் உள்ளவர்களை நான் அபூர்வமாகவே பார்க்கிறேன்.

2020 மார்ச் பொதுமுடக்கம் இந்த மெதுவான ஓட்டத்தை ஒரேயடியாக விரைவுபடுத்தியது. காகிதத்தில் கிருமி ஒட்டிக்கொண்டு வரும் என்ற அச்சத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பேப்பர் போடுபவர்களை உள்ளே விடவில்லை. கடைகளும் பேருந்துகளும் நின்றதால் கட்டுகள் ஊர்களுக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு மூன்று மாதங்கள் பேப்பர் இல்லாமல் இருந்தவர்களில் பலர், அது இல்லாமலும் காலம் போகிறது என்பதைக் கண்டுகொண்டார்கள். கடைகள் மூடிக்கிடந்ததால் விளம்பரமும் நின்றது. நாளிதழ்கள் பக்கங்களைக் குறைத்தன, பதிப்புகளை ஒன்றோடொன்று இணைத்தன, ஊழியர்களைக் குறைத்தன. தி இந்து தன் மும்பைப் பதிப்பை அந்த ஆண்டில் நிறுத்தியது. முடக்கம் தளர்ந்த பிறகு பக்கங்கள் ஓரளவு திரும்பின. போன நிருபர்கள் அதே எண்ணிக்கையில் திரும்பவில்லை.

காகிதத்தின் விலையையும் சொல்ல வேண்டும். இந்தியா தனக்குத் தேவையான நியூஸ்பிரிண்ட் காகிதத்தில் பாதிக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. 2019 நிதிநிலை அறிக்கையில் அதற்குப் பத்து விழுக்காடு இறக்குமதி வரி விதிக்கப்பட்டு, அடுத்த ஆண்டே ஐந்தாகக் குறைக்கப்பட்டது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யாவிலிருந்து வந்த காகிதம் தடைப்பட்டு விலை ஏறியது. கரும்புச் சக்கையிலிருந்து செய்தித்தாள் காகிதம் தயாரிப்பதற்கென்றே தமிழ்நாடு அரசு 1979இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, கரூர் மாவட்டம் புகழூரில் ஆலை அமைத்தது. டி.என்.பி.எல். என்று நாம் அறிந்த அந்த ஆலை, பெயரில் செய்தித்தாள் காகிதத்தை வைத்துக்கொண்டே, நாளடைவில் எழுதவும் புத்தகம் அச்சிடவும் பயன்படும் காகிதத்துக்கு மாறிக்கொண்டது. இலங்கையில் இது இன்னும் கடுமையாக வெளிப்பட்டது. 2022 மார்ச்சில் அந்நியச் செலாவணி இல்லாமல் காகித இறக்குமதி முடங்கியபோது, தி ஐலண்ட், திவயின ஆகிய இரண்டு நாளிதழ்களின் சனிக்கிழமைப் பதிப்புகள் அச்சில் நிறுத்தப்பட்டு இணையத்தில் மட்டும் வெளியிடப்பட்டன. அதே தட்டுப்பாட்டால் பள்ளித் தேர்வுகளும் தள்ளிவைக்கப்பட்டன.

தமிழ் நாளிதழ்கள் இணையத்துக்கு மிகத் தாமதமாகப் போனதால் தோற்றன என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. இந்திய நாளிதழ்களில் முதன்முதலாக இணையத்தில் ஏறியது சென்னையின் தி இந்துதான், 1995இல். அடுத்த சில ஆண்டுகளுக்குள் தமிழ் நாளிதழ்களும் ஏறிவிட்டன. அவற்றைத் தடுத்தது எழுத்துரு. ஒவ்வொரு தளமும் தனக்கென ஒரு எழுத்துருவை வைத்திருந்தது. அதைத் தரவிறக்கிக் கணினியில் ஏற்றாதவருக்குத் திரையில் வெறும் கிறுக்கல்தான் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகையையும், எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறையான குறியேற்றத்தையும் ஒழுங்குபடுத்த முயன்றது. ஆனால் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியேற்றமான ஒருங்குறி என்னும் யூனிகோடு பரவலாக வரும் வரை, ஒரு தளத்தின் தமிழ் இன்னொரு தளத்துக்குப் புரியவில்லை, தேடுபொறிகளுக்கும் புரியவில்லை. அதன் விளைவாக, தேடுபொறி வழியாக வாசகர்கள் வந்து குவிந்த ஆரம்ப ஆண்டுகளில் தமிழ்ச் செய்தித் தளங்கள் தேடலுக்கு அகப்படாதவையாக இருந்தன. அந்த ஆண்டுகளில் இணையத்தில் ஏறிய தமிழ்ச் செய்திகளின் பெரும்பகுதி இன்று எங்கும் கிடைக்கவில்லை என்பது என்னை இன்றும் உறுத்துகிறது.

இணையத்தில் வாசகர்கள் வந்த பிறகும் பணம் ஏன் வரவில்லை என்பதே இந்த விவகாரத்தின் மையம். அச்சில் ஒரு பக்க விளம்பரத்தின் விலையை நாளிதழ்தான் தீர்மானித்தது. இணையத்தில் ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்று ஏலம் நடக்கிறது. ஏலத்தை நடத்துபவரும், விற்பவரின் தரகரும், வாங்குபவரின் தரகரும் பெரும்பாலும் ஒரே நிறுவனமாக, கூகுளாக, இருக்கிறார்கள். இந்தச் சந்தையின் சில பகுதிகளில் அந்த நிறுவனம் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகம் வைத்திருந்தது என்று அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. இந்தியாவில் இணையச் செய்தி வெளியீட்டாளர்களின் சங்கம் கொடுத்த புகாரின் பேரில் 2022 ஜனவரியில் போட்டி ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. ஆஸ்திரேலியா 2021இல் ஒரு சட்டம் இயற்றி, பெரிய தளங்கள் செய்தி நிறுவனங்களோடு பேரம் பேசிப் பணம் கொடுக்கும் நிலையை உருவாக்கியது. கனடா அதே வழியில் போனபோது, ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா 2023 ஆகஸ்டிலிருந்து அந்நாட்டில் செய்திகளையே தன் தளங்களிலிருந்து நீக்கிவிட்டது. 2024 முதல் கூகுள், தேடலின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவால் எழுதிய சுருக்கத்தைக் காட்டத் தொடங்கியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு நகர்பவர் செய்தித் தளத்துக்கு வருவதில்லை, அந்தச் சில்லறை வருமானமும் போகிறது.

விளம்பரம் இல்லாவிட்டால் சந்தா என்கிறார்கள். நியூயார்க் டைம்ஸ் 2011இல், பணம் கட்டினால்தான் முழுமையாகப் படிக்கலாம் என்ற கட்டணச் சுவரை இணையத்தில் எழுப்பி, 2023இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைக் கடந்தது உண்மை. ஆனால் உலகம் முழுவதும் ஆங்கிலம் படிப்பவர்களைச் சந்தையாகக் கொண்ட ஒரு நாளிதழின் வழியை, ஒரு மாவட்டத்தின் வாசகர்களை நம்பியிருக்கும் தமிழ் நாளிதழுக்குப் பரிந்துரைப்பதில் பொருள் இல்லை. நம் ஊரில் விடியற்காலையில் எல்லா நாளிதழ்களின் பி.டி.எஃப். கோப்புகளும் வாட்ஸ்ஆப், டெலிகிராம் குழுக்களில் வந்து விழுந்துவிடுகின்றன. 2020இல் இந்தி நாளிதழான தைனிக் ஜாக்ரண், டெலிகிராமுக்கு எதிராக டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது இதற்காகத்தான். அந்தக் கோப்பை அனுப்புபவர் அறிவைப் பரப்புவதாக மனதார நம்புகிறார். அவரைத் திட்டுவதில் பயன் இல்லை. செய்திக்குத் தனியாகப் பணம் கொடுக்கும் பழக்கம் நமக்கு என்றுமே இருந்ததில்லை, விளம்பரதாரர் நமக்காகக் கொடுத்துவந்தார் என்பதுதான் உண்மை.

இனி, என்ன இழக்கிறோம் என்ற உங்கள் இரண்டாவது கேள்வி. மாவட்டத் தலைநகரில் ஒரு முழுநேர நிருபரும், தாலுகா ஊர்களில் பகுதிநேர நிருபர்களும் இருப்பது தமிழ் நாளிதழ்களின் வழக்கம். பகுதிநேர நிருபருக்குக் கிடைப்பது பெயரளவுக்கான ஊதியம். வேறு தொழிலையும் வைத்துக்கொண்டுதான் அவர் செய்தி அனுப்புகிறார். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு நிற்கும் கூட்டத்தில் யார் எதற்காக வந்திருக்கிறார்கள் என்று அவர் போய்க் கேட்பார். பேரூராட்சிக் கூட்டத்தில் எந்தத் தீர்மானத்துக்கு யார் வெளிநடப்பு செய்தார்கள், நீதிமன்றத்தில் எந்த வழக்கு எத்தனையாவது முறையாக ஒத்திவைக்கப்பட்டது, ஏரி மதகு எந்த ஆண்டிலிருந்து உடைந்து கிடக்கிறது, அரசு மருத்துவமனையில் இரவில் மருத்துவர் இருக்கிறாரா என்பவை அவருக்குத் தெரியும். அவர் அனுப்பும் பத்துச் செய்திகளில் எட்டு, மாவட்டப் பதிப்பின் ஓரத்தில் நான்கு வரியாக வரும். வெளியூர்க்காரர் யாரும் அதைப் படிக்க மாட்டார். ஆனால் அந்த ஊர் அதிகாரி படிப்பார். மறுநாள் காலையில் ஒரு லாரி மண் வந்து மதகு அடைபடும். இந்த நான்கு வரிக்கு இணையத்தில் நூறு பார்வைகூடக் கிடைக்காது. பார்வைக்குக் காசு என்ற கணக்கில் அந்தச் செய்தியின் மதிப்பு ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. அச்சுப் பதிப்பில் அதன் மதிப்பைத் தனியே யாரும் கணக்கிடவில்லை, அதனால்தான் அது பிழைத்தது.

அந்த ஏற்பாட்டில் குறைகள் இருந்தன என்பதையும் மறைக்கக் கூடாது. அதே நிருபர்தான் கோயில் கொடைக்கும் புதிய ஜவுளிக்கடைத் திறப்புக்கும் சிறப்பிதழ் விளம்பரம் வாங்கித் தர வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டார். விளம்பரம் கொடுத்தவரைப் பற்றி எப்படி எழுதுவார்? சாதி மோதல் நடந்த இடங்களில், ஊரில் வலுவானவர்கள் சொன்னதே செய்தியாக வந்ததும் உண்டு. பெண்களும் தலித்துகளும் அந்த நிருபர் வட்டத்துக்குள் நுழைவது மிகக் கடினமாக இருந்தது. இணையம் இந்தக் கதவுகளில் சிலவற்றை உடைத்தது என்பதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல்துறையின் பிடியில் சிக்கி உயிரிழந்தபோது, அதை நாடறிந்த கொடுமையாக ஆக்கியதில் சமூக ஊடகங்களில் எழுந்த குரலுக்குப் பெரும் பங்கு உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச்சேர முடியாமல், 1878இல் தொடங்கப்பட்ட தி இந்துவின் சென்னைப் பதிப்பு ஒருநாள் வெளிவரவில்லை. அன்றைக்கு எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, எங்கே படகு தேவை என்ற செய்திகள் கைப்பேசிகள் வழியாகத்தான் பரவின. அத்தகைய நாள்களில் அச்சு இணையத்துக்கு ஈடாக நிற்கவே முடியாது.

ஆனால் ஒரு செய்தி வாசகரை அடைவதற்கு முன் எத்தனை கைகளைக் கடந்தது என்பதில் பெரிய மாற்றம் வந்துவிட்டது. தாலுகா நிருபர் அனுப்பியதை மாவட்ட நிருபர் பார்த்தார், துணை ஆசிரியர் திருத்தினார், பிழை திருத்துநர் படித்தார், இரவுப் பணி ஆசிரியர் சந்தேகமானதை நிறுத்திவைத்தார். அச்சு இயந்திரம் ஓடிவிட்டால் திரும்பப் பெற முடியாது என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. இன்றைய இணையப் பிரிவில் ஓர் இளைஞர் தொலைக்காட்சியைப் பார்த்து, பிறர் போட்ட பதிவைப் பார்த்து, ஒரு நாளில் எழுதித் தள்ள வேண்டிய எண்ணிக்கையை நோக்கி ஓடுகிறார். ஊருக்குப் போய் விசாரிக்க அவருக்கு நேரமும் இல்லை, பயணப்படியும் இல்லை. ஒரே தகவல் பத்துத் தளங்களில் பத்துத் தலைப்புகளோடு வருவதால் செய்தி பெருகிவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது. அந்தப் பத்தும் பெரும்பாலும் ஒரே ஒரு நிருபர் நேரில் போய்க் கொண்டுவந்ததிலிருந்து எழுதப்பட்டவை. அந்த ஒருவரும் யாரோ ஒரு நாளிதழின் சம்பளப் பட்டியலில் இருப்பவராகவே இன்னும் இருக்கிறார்.

இந்த வெற்றிடத்தில் வதந்தி எப்படி நுழைகிறது என்பதை 2018 மே மாதத்தில் பார்த்தோம். குழந்தை கடத்துபவர்கள் நடமாடுகிறார்கள் என்று வாட்ஸ்ஆப்பில் பரவிய பொய்யை நம்பி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த 65 வயது மூதாட்டியை ஊர்க்காரர்கள் அடித்தே கொன்றார்கள். செய்தி நிறுவனங்களின் சின்னத்தைப் போலியாக ஒட்டிய நியூஸ் கார்டுகள், எந்தத் தலைவரும் சொல்லாததைச் சொன்னதாக, ஒவ்வொரு தேர்தலிலும் சுற்றுகின்றன. அச்சு இதற்குத் தப்பியது என்று சொல்ல மாட்டேன். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பரவிய பொய்யைச் சில வட இந்திய நாளிதழ்களும் சரிபார்க்காமல் வெளியிட்டன. திருப்பூரில் ஒரு நிருபரை வைத்திருந்தால் ஒரே தொலைபேசி அழைப்பில் தீர்ந்திருக்கும் விஷயம் அது.

ஆவணம் என்ற வகையிலும் ஓர் இழப்பு இருக்கிறது. 1882இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய சுதேசமித்திரனின் பழைய இதழ்களைப் புரட்டி, பாரதி அங்கே பணியாற்றிய காலத்தின் அரசியலை இன்றும் ஆராய முடிகிறது. சென்னையில் ரோஜா முத்தையா நூலகமும், இலங்கைத் தமிழ் வெளியீடுகளுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகமும் அச்சுப் பிரதிகளைத் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருக்கின்றன. இணையச் செய்தி எந்த நேரத்திலும், யாருக்கும் சொல்லாமல் மாற்றப்படலாம். தளம் மாறினால் சுட்டி செத்துப்போகும். இதற்கு முறையான சேமிப்பு ஏற்பாடு எதையும் தமிழில் இதுவரை நாம் செய்துகொள்ளவில்லை.

தனிப்பட்ட முறையில் என்ன செய்யலாம் என்றும் நீங்கள் கேட்பீர்கள் என்று எண்ணுகிறேன். அச்சா இணையமா என்பதைப் பார்க்காதீர்கள். உங்கள் மாவட்டத்தில் ஆள் வைத்து, நேரில் போய் விசாரித்த செய்திகளை வெளியிடும் நிறுவனம் எது என்று ஒரு வாரம் கவனித்துவிட்டு, அதற்குப் பணம் கட்டிப் படியுங்கள். அது நாளிதழாக இருக்கலாம், சந்தா வாங்கும் இணைய இதழாக இருக்கலாம், ஊர்ச் செய்தி மட்டும் தரும் நேர்மையான ஒரு யூடியூப் அலைவரிசையாகவும் இருக்கலாம்.

அடுத்து வரக்கூடியது பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். இன்றைய நாளிதழ்களின் வருமானத்தில் அரசு விளம்பரங்களும் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளும் வங்கிகளின் சொத்துக் கையகப்படுத்தும் அறிவிப்புகளும் முக்கியமான இடத்துக்கு வந்திருக்கின்றன. கடனைத் திருப்பாதவரின் சொத்தை வங்கி எடுக்கும்போது இரண்டு நாளிதழ்களில், ஒன்று வட்டார மொழியில், அறிவிப்பு வெளியிட வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் விதி. நில எடுப்புக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதையே சொல்கிறது. அரசை நம்பியிருக்கும் இந்த வருமானம் அரசை விமர்சிக்கும் துணிவைக் குறைக்கிறது. அது போய்விட்டாலோ பல பதிப்புகள் நிற்காது. உலகின் மிகப் பழைய நாளிதழ்களில் ஒன்றான, 1703இல் தொடங்கிய வியன்னாவின் வீனர் சைட்டுங், 2023 ஜூன் 30ஆம் தேதியோடு அன்றாட அச்சை நிறுத்தியதற்குக் காரணம் இதுவே: நிறுவனங்கள் அந்த நாளிதழில் சட்ட அறிவிப்பு வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தை ஆஸ்திரிய நாடாளுமன்றம் நீக்கியது. நம் நில எடுப்புச் சட்டம் நாளிதழோடு அரசு இணையதளத்திலும் அறிவிப்பைப் போடச் சொல்கிறது. இணையதளம் மட்டும் போதும் என்று ஒரு திருத்தம் வருவது வெகுதூரத்தில் இல்லை. அப்படி வரும்போது, அதில் மிச்சமாகும் தொகையில் ஒரு பகுதியாவது, ஆளுங்கட்சியின் கைக்கு எட்டாத ஓர் அமைப்பின் வழியாக, மாவட்ட நிருபர்களின் ஊதியத்துக்குப் போக வேண்டும் என்று பத்திரிகையாளர் சங்கங்கள் இப்போதே கேட்கத் தொடங்க வேண்டும்.